விமானத்தில் பைலட்டுக்கும் பணிக்குழுவுக்கும் நன்றி சொல்வது எப்படி? புதிதாகப் பறப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 அக்டோபர் 11 அன்று மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு தெரிந்தது. உள்ளே 141 பேர். எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைத்த பிறகுதான் இறங்க முடியும் என்பதால், விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே வட்டமடித்தது. கடைசியில் கிளம்பிய ஊரிலேயே பத்திரமாக இறங்கியது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. முதலமைச்சர் வாழ்த்துச் சொன்னார், டீக்கடையிலும் அதே பேச்சுதான்.

அந்தப் பாராட்டு தகும். ஆனால் செய்தியில் வராத பயணங்களையும் இதே பயிற்சி பெற்றவர்கள்தான் நடத்துகிறார்கள். ஒன்றுமே நடக்காமல் நாம் ஊர் போய்ச் சேருவதுதான் அவர்களுடைய வேலை. அந்த வேலை நன்றாக நடக்கும்போது நம் கண்ணில் படுவதில்லை, அதனால் நன்றி சொல்லவும் தோன்றுவதில்லை. முதல்முறை, இரண்டாம் முறை பறப்பவர்களுக்கு இன்னொரு தயக்கமும் உண்டு: சொல்லலாமா, யாரிடம் சொல்வது, ஏதாவது கொடுக்கலாமா, தப்பாக எடுத்துக்கொள்வார்களா? அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்து கிளம்புவதில் தொடங்கி, பயணம் முடிந்த மறுநாள் வரை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், யார் யார் இருக்கிறார்கள்?

சென்னை, கோவை, மதுரை, திருச்சி விமான நிலையங்களில் நீங்கள் ஏறும் விமானம் பெரும்பாலும் ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 வகையாக இருக்கும். முன்னால் அறைக்குள் இரண்டு பைலட்டுகள். தோளில் நான்கு பட்டை இருந்தால் கேப்டன், பொதுவாக மூன்று பட்டை இருந்தால் துணை பைலட். பயணிகள் பகுதியில் வழக்கமாக நான்கு பேர். 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் என்பது விதி, அந்தக் கணக்கில் வருவதுதான் இந்த நான்கு. தூத்துக்குடி, சேலம் போகிற சின்ன ஏடிஆர் விமானத்தில் இரண்டு பைலட், இரண்டு பணியாளர், மொத்தம் நான்கே பேர். சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ போகும் பெரிய விமானம் என்றால் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேலும் இருப்பார்கள். ஏதாவது வாங்கிக்கொண்டு போக நினைத்தால் இந்தக் கணக்கு உதவும்.

ஏர் ஹோஸ்டஸ் என்றதும் சாப்பாட்டு ட்ராலிதான் நம் நினைவுக்கு வருகிறது. அது அவர்கள் வேலையில் ஒரு துண்டு. தீ பிடித்தால் அணைக்க, மூச்சுத் திணறியவருக்கு ஆக்சிஜன் கொடுக்க, நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய, கதவைத் திறந்து சறுக்குப் பாதையை விரித்து எல்லோரையும் வெளியே அனுப்ப, இதற்கெல்லாம் பயிற்சி எடுத்துத் தேறினால்தான் அந்த உடையைப் போட முடியும். ஒரு விமான வகைக்குச் சான்றிதழ் கிடைக்க வேண்டுமென்றால், பாதிக் கதவுகள் மட்டுமே திறக்கும் நிலையில் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். அந்த 90 விநாடியை நடத்திக் காட்ட வேண்டியவர்கள் இவர்கள்தான்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் அது உண்மையாகவே நடந்தது. ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மீது, இறங்கிக்கொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதித் தீப்பிடித்தது. அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணிக்குழுவினர் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியிலும் வெறும் குரலிலும் கத்தியே வழிநடத்தினார்கள். எட்டுக் கதவுகளில் எவற்றைத் திறந்தால் நெருப்பு உள்ளே வரும் என்று பார்த்து, மூன்றை மட்டும் பயன்படுத்தினார்கள். பயணிகளும் பையை எடுக்காமல் சொன்னபடி கேட்டார்கள். அந்த விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

கிளம்பும் முன்: கொண்டுபோகலாமா?

கட்டாயமே இல்லை. வெறுங்கையோடு போய் வாய் நிறைய நன்றி சொன்னாலே நிறைவுதான். இருந்தாலும் நம் ஊரில் யாரையும் பார்க்கப் போனால் ஏதாவது வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் இருக்கிறது. அப்படித் தோன்றினால் இதைக் கவனியுங்கள்.

வீட்டில் செய்ததைக் கொடுக்காதீர்கள். அம்மா கையால் சுட்ட அதிரசம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், முன்பின் தெரியாதவர் கொடுத்த பிரித்த பண்டத்தை அவர்களால் சாப்பிட முடியாது. அவர்களுக்கு வயிறு கெட்டால் அந்த விமானத்துக்கே பிரச்சினை. பல விமான நிறுவனங்களில் இரண்டு பைலட்டுகளுக்கும் வேறு வேறு சாப்பாடு கொடுப்பதும் இதனால்தான். கடையில் வாங்கி முத்திரை பிரிக்காத, காலாவதித் தேதி அச்சிட்ட பாக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாகச் சுற்றிய சாக்லேட் நல்லது, ஆளுக்கொன்று எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். நம் ஊர்ப் பண்டம்தான் கொடுக்க வேண்டுமென்றால் மணப்பாறை முறுக்கு பாக்கெட் சரியாக வரும். கோவில்பட்டி கடலைமிட்டாய் எனக்கும் உயிர்தான், ஆனால் நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் குழுவிலும் இருக்கலாம், பக்கத்துப் பயணிகளிலும் இருக்கலாம். அதைத் தவிர்த்துவிடுங்கள். பால்கோவாவும் வேண்டாம், அவர்கள் அதோடு இன்னும் மூன்று ஊர் போய்வர வேண்டியிருக்கும்.

பணம் கொடுக்காதீர்கள். நம் ஊர் விமானங்களில் டிப்ஸ் பழக்கம் கிடையாது. நீட்டினால் அவர்களுக்குத்தான் சங்கடம். அமெரிக்காவில் ஃபிரான்டியர் ஏர்லைன்ஸில் பானம், தின்பண்டம் வாங்கும்போது டிப்ஸ் கேட்கும் வசதி உண்டு. அது விதிவிலக்கு.

இதையெல்லாம் விட மேலானது ஒரு சின்னக் காகிதம். ஒரு தாளில் நான்கு வரி. “எங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிற உங்கள் எல்லோருக்கும் நன்றி. பண்டிகை நாளிலும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டாருக்கும் எங்கள் அன்பு.” இப்படி எழுதினால் போதும். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் நாட்களில் பறப்பவர்கள் இதை அவசியம் செய்யுங்கள் என்பேன். நாம் ஊருக்குப் போய் வீட்டோடு பண்டிகை கொண்டாடுவதற்காக அவர்கள் வீட்டை விட்டு வந்திருக்கிறார்கள்.

ஏறும்போது

கதவருகே நின்று வணக்கம் சொல்பவரைப் பார்த்து, பதிலுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். இவ்வளவு எளிதான விஷயத்தை ஏன் எழுத வேண்டும் என்று தோன்றலாம். ஒரு நாள் ஓரமாக நின்று கவனித்துப் பாருங்கள். 180 பேர் ஏறினால் பாதிப்பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டே கடந்துபோவார்கள். காதிலிருக்கும் இயர்போனைக் கழற்றி முகம் பார்த்து ஒரு வார்த்தை சொல்பவரை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஏறும்போது அவர்கள் நம்மைக் கவனிப்பதற்கும் காரணம் உண்டு: யாருக்கு உடம்பு சரியில்லை, யார் குடித்திருக்கிறார், அவசரத்தில் யார் உதவிக்கு வருவார் என்றெல்லாம் அந்த ஒரு பார்வையிலேயே எடை போடுகிறார்கள்.

பையை மேலே தூக்கி வைப்பது உங்கள் பொறுப்பு. உள்நாட்டுப் பயணத்தில் வழக்கமான கைப்பை அளவு 7 கிலோ. ஒவ்வொரு பயணத்திலும் ஆளுக்குப் பத்துப் பை தூக்கினால் அவர்கள் தோள் என்ன ஆகும்? முடியாத பெரியவர்களுக்கு அவர்களே உதவுவார்கள். அதற்கு முன் நீங்கள் எழுந்து தூக்கிவிட்டால் அது இரண்டு பேருக்குச் செய்த உதவி.

பயணிகள் ஏறி உட்காரும் இந்த அரை மணி நேரம் குழுவுக்குக் கடுமையான நேரம். உலகில் பல விமான நிறுவனங்களில், விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான் பணிக்குழுவின் முழுச் சம்பளக் கணக்கு தொடங்குகிறது. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் பயணிகள் ஏறும் நேரத்துக்கும் பாதி விகிதத்தில் சம்பளம் தருவதை 2022-ல்தான் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பணிக்குழுவினர் வேலைநிறுத்தம் செய்ததற்கு, தரையில் செய்யும் வேலைக்குச் சம்பளம் இல்லை என்பது ஒரு முக்கியக் காரணம். நடைபாதையை மறித்து நிற்காமல் சட்டென்று உட்காருவதே இந்த நேரத்தில் நாம் செய்யும் மரியாதை.

கிளம்பும்போது

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் ஒன்றைப் பாருங்கள். விமானத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்ட பிறகு, தரையில் நிற்கும் பொறியாளர் ஓரமாக விலகி நின்று, சிவப்பு நாடா தொங்கும் ஒரு ஊசியைக் கையில் உயர்த்திப் பிடித்துக் காட்டுவார். தள்ளும்போது முன்சக்கரத்துத் திருப்புவிசையைத் துண்டித்து வைக்கச் செருகியிருந்த ஊசி அது. எடுத்துவிட்டேன், இனி விமானம் உங்கள் கையில் என்று பைலட்டுக்கு அவர் சொல்லும் சேதி. பைலட்டும் கையசைப்பார். உச்சிவெயிலிலும் கொட்டும் மழையிலும் நிற்கும் அவருக்கு நீங்களும் ஜன்னல் வழியே கையசைக்கலாம். பல சமயம் அவரும் பதிலுக்கு அசைப்பார்.

பாதுகாப்பு விளக்கம் காட்டும்போது தலை நிமிர்ந்து பாருங்கள். நூறு பேர் தூங்கும்போது ஒருவர் கவனித்தால், விளக்கிக் காட்டுபவரின் பார்வை அந்த ஒருவரிடமே திரும்பத் திரும்ப வரும். அப்புறம், விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது அவர்கள் தங்கள் சின்ன மடிப்பு இருக்கையில் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். சும்மா இல்லை. ஏதாவது நடந்தால் எந்தக் கதவு, என்ன கட்டளை, யார் யாருக்கு உதவி தேவைப்படும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும் நேரம் அது. இறங்கும்போதும் அப்படித்தான். அந்த நேரத்தில் எதிர் இருக்கையில் இருக்க நேர்ந்தால் பேச்சுக் கொடுக்காதீர்கள். பைலட்டுகளுக்கும் 10,000 அடிக்குக் கீழே பறக்கையில் வேலை சம்பந்தமில்லாத பேச்சுக்குத் தடை உண்டு. உங்கள் கடிதத்தையோ சாக்லேட்டையோ கொடுக்க இது நேரமில்லை.

வானத்தில்

சீட் பெல்ட் விளக்கு அணைந்து, சாப்பாடு கொடுத்து, காலித் தட்டுகளையும் எடுத்த பிறகு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அப்போது எழுந்து பின்பக்கம் போய், “இது உங்கள் எல்லோருக்கும், பைலட்டுகளுக்கும் சேர்த்து” என்று கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். பைலட்டுகளுக்கும் சேர்த்து என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு நன்றி போய்ச் சேர இது ஒன்றுதான் நல்ல வழி. ஏடிஆர் விமானத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்னால் இருக்கிறது. பைலட்டுகளின் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கிவிடுவோம்.

கூப்பிட வேண்டுமா? பொத்தானை அழுத்துங்கள், அல்லது கடந்துபோகும்போது “எக்ஸ்கியூஸ் மி”, “சிஸ்டர்”, “சார்” என்று ஒரு சொல். விரலால் இடுப்பில் குத்துவது, உடையைப் பிடித்து இழுப்பது, சொடுக்குப் போடுவது, இவை மூன்றும் கூடவே கூடாது. நம்மவர்கள் பலர் கெட்ட எண்ணமில்லாமல்தான் தொட்டுக் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு நாளில் எத்தனை பேர் அப்படித் தொடுகிறார்கள் என்று அந்தப் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள்.

குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில், ஒரு ஊரில் இறங்கி அடுத்த ஊருக்குக் கிளம்புவதற்குள் குப்பை பொறுக்கி, சீட் பெல்ட்டுகளை ஒழுங்குபடுத்தி வைப்பதும் இதே பணிக்குழுதான். அரை மணி நேரத்தில் அடுத்த கூட்டம் ஏறிவிடும். அதனால் அவர்கள் குப்பைப் பை எடுத்துக்கொண்டு வரும்போது கப், காகிதம் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். முன் இருக்கையின் பின்பக்கப் பையில் ஆரஞ்சுத் தோலைத் திணித்துவிட்டுக் கதவருகே நன்றி சொன்னால் அது பாதி நன்றிதான். குழந்தையின் அழுக்கு டயப்பரை அவர்கள் கையில் நீட்டாதீர்கள், சாப்பாடு கொடுக்கும் கை அது. கழிப்பறையில் அதற்குத் தொட்டி இருக்கிறது.

இப்போது சொல்லப் போவதுதான், என் பார்வையில், வானத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உபகாரம். திருச்சி–கோலாலம்பூர், மதுரை–துபாய், சென்னை–சிங்கப்பூர் போன்ற விமானங்களில் பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகப் போகும் அப்பா அம்மாக்கள் இருப்பார்கள். தமிழ் மட்டும் தெரியும். பணிப்பெண் இந்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்பார், அவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். சைவமா அசைவமா என்பதே புரியாமல் பட்டினி கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் நீங்கள் என்றால் நடுவில் புகுந்து, “அம்மா, சைவம் வேணுமான்னு கேக்கறாங்க” என்று சொல்லிவிடுங்கள். கழிப்பறைக் கதவு எப்படித் திறக்கும், காது அடைத்தால் எச்சில் விழுங்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பணிப்பெண் உங்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பிலேயே தெரியும், அவருடைய சுமையில் எவ்வளவு இறங்கியது என்று.

விமானம் குலுங்கும்போது உட்காரச் சொன்னால் உடனே உட்காருங்கள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கடுமையாகக் குலுங்கியதில் ஒரு பயணி இறந்தார், பலருக்குக் காயம். விமானத்தை பாங்காக்கில் இறக்க வேண்டியதாயிற்று. நாம் பெல்ட் போடாமல் நின்றுகொண்டிருந்தால், நம்மை உட்கார வைப்பதற்காக அவர்களும் நிற்க வேண்டிவரும்.

தாமதமானால்

இங்கேதான் உண்மையான மரியாதை தேவைப்படுகிறது. மூடுபனி, வான் நெரிசல், இயந்திரக் கோளாறு எதற்கும் கதவருகே நிற்பவர் காரணமில்லை. குழுவினரின் பணி நேரத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. அது தாண்டிவிட்டால் அவர்கள் விரும்பினாலும் பறக்க முடியாது, வேறு குழு வரவேண்டும். தூங்காத பைலட் நம்மை ஓட்டிச் செல்லக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. கோபம் வருவது இயல்பு. அதை நிறுவனத்துக்கு எழுதுங்கள். எதிரில் நிற்பவரிடம், “உங்களுக்கும் இன்றைக்கு வேலை நீண்டுவிட்டதே” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

இறங்கியதும் கைதட்டலாமா?

தட்டலாம். சில நாடுகளில் இது பழைய வழக்கம். கதவு மூடியிருப்பதால் பைலட்டுகளுக்குப் பெரும்பாலும் கேட்காது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், பணிக்குழுவினர் போய்ச் சொன்னால்தான் உண்டு. சாதாரணமான இறக்கத்துக்குத் தட்டினால் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். மழையிலும் காற்றிலும் சுற்றிச் சுற்றி இறக்கிய நாளில் தயங்காமல் தட்டுங்கள்.

கைதட்டிவிட்டு, விளக்கு அணையும் முன்னே எழுந்து பையை இறக்குவது மட்டும் வேண்டாம். 2025-ல் துருக்கி இதற்கு அபராதம் என்றே அறிவித்துவிட்டது.

கதவருகே

நம் வீடுகளில் நன்றி என்று வாய்விட்டுச் சொல்வது குறைவு. அதனாலேயே கூச்சம் வருகிறது. ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமே என்று தயங்கவும் வேண்டாம். தமிழில் சொன்னாலும் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் சிலர் கதவருகே நின்று, “போயிட்டு வரேம்மா, நல்லா இரு” என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். அதைவிடச் சிறந்த விடைபெறுதலை நான் கேட்டதில்லை.

பொதுவாகச் சொல்வதை விட ஒரு காரணத்தோடு சொன்னால் இன்னும் நன்று. “குழந்தை அழுதப்போ தண்ணி கொண்டுவந்தீங்களே, ரொம்ப நன்றி” என்பது போல. கேப்டன் வெளியே வந்து நின்றிருந்தால் “நன்றி கேப்டன், நல்லா இறக்கினீங்க” என்று சொல்லுங்கள். துணை பைலட்டை விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு இறக்கியது அவராகவே இருக்கலாம், இருவரும் மாறி மாறித்தான் ஓட்டுகிறார்கள். நின்று பேசாதீர்கள், பின்னால் வரிசை இருக்கிறது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு: பறக்கும்போது பைலட் அறைக்குள் போக முடியாது, கேட்கவும் வேண்டாம். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அந்தக் கதவுகளை வலுப்படுத்திப் பூட்டியே வைக்கிறார்கள். விமானம் நின்று, எல்லோரும் இறங்கிய பின், “பிள்ளை எட்டிப் பார்க்கலாமா?” என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். முடியாது என்றால் சரி என்று சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். மாறாக, பயணத்தில் குழந்தையை ஒரு விமானப் படம் வரையச் சொல்லி, இறங்கும்போது அதன் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். இதை வேண்டாம் என்று சொல்லும் கேப்டன் இருக்க மாட்டார்.

படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். அவர் அழகைப் பற்றிப் பேசுவது, செல்பேசி எண் கேட்பது, பெயரை வைத்துச் சமூக ஊடகத்தில் தேடிப்பிடித்துச் செய்தி அனுப்புவது, இவை எதுவும் பாராட்டு ஆகாது. வேலை முடியும்வரை எழுந்துபோக முடியாத இடத்தில் நிற்பவரைத் தொந்தரவு செய்வதுதான் அது.

வீடு வந்த பிறகு: அந்த ஒரு கடிதம்

மேலே சொன்னதில் எதுவுமே செய்ய முடியாவிட்டாலும் பரவாயில்லை. இதை மட்டும் செய்யுங்கள். குறை சொல்லி எழுதுபவர்கள் ஏராளம், நல்லது நடந்தால் எழுதுபவர்கள் அபூர்வம். நீங்கள் எழுதும் ஐந்து வரி அந்தப் பணியாளரின் மேலதிகாரிக்குப் போகும், அவருடைய பணிக் குறிப்பில் சேரவும் வாய்ப்பிருக்கிறது. சாக்லேட் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

விமான நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ கருத்துச் சொல்லும் பகுதி இருக்கும். அதில் பாராட்டு என்ற பிரிவு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வேண்டிய விவரங்கள் நான்கு: விமான எண், தேதி, எங்கிருந்து எங்கே, உங்கள் இருக்கை எண். போர்டிங் பாஸைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் எல்லாமே அதில் இருக்கும். பணியாளரின் பெயர் சட்டையில் குத்திய பட்டையில் இருக்கும். தெரியாவிட்டாலும் எழுதுங்கள். அன்றைக்கு யார் யார் பணியில் இருந்தார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும், “பின்பகுதியில் பணியாற்றியவர்” என்றாலே கண்டுபிடித்துவிடுவார்கள். பைலட்டின் பெயரை அறிவிப்பில் சொல்வார்கள், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எப்படி எழுதுவது? “சேவை மிகவும் அருமை” என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இப்படி:

“நேற்றுக் காலை சென்னை–தூத்துக்குடி விமானத்தில் 7சி இருக்கையில் என் அம்மா வந்தார். வயது 71, முதல் விமானப் பயணம். சீட் பெல்ட் போடத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தவருக்கு, உங்கள் பணியாளர் இன்னார் கீழே குனிந்து இரண்டு முறை மாட்டிக் கழற்றிக் காட்டினார். மூன்றாவது முறை அம்மாவையே மாட்டச் சொன்னார். இறங்கும்போது படிக்கட்டு முடியும் வரை அம்மா மீது கண் வைத்திருந்தார். அம்மா இனித் தனியாகவே விமானத்தில் வருவேன் என்கிறார். அந்தப் பணியாளருக்கும் அன்று ஓட்டிய பைலட்டுகளுக்கும் எங்கள் நன்றியைத் தெரிவிக்கவும்.”

இவ்வளவுதான். எளிய ஆங்கிலத்தில் எழுதினால் வேகமாகப் போய்ச் சேரும். இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டின் தலைமையகமும் குருகிராமில் இருக்கின்றன, தமிழ் தெரிந்தவர் கையில் உங்கள் கடிதம் விழும் என்று நம்ப முடியாது. இலக்கணப் பிழை இருந்தால் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. தமிழில் அறிவிப்புச் செய்த பைலட்டைப் பாராட்டுவதாக இருந்தால் மட்டும் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். சென்னை–மதுரை விமானத்தில் காவிரியையும் ஸ்ரீரங்கத்தையும் சுட்டிக்காட்டித் தமிழில் பேசிய ஒரு பைலட்டின் குரல் சில வருடங்களுக்கு முன் ஊரெங்கும் பரவியது. அப்படிப் பேசுவதைப் பயணிகள் விரும்புகிறார்கள் என்று எழுத்தில் போனால்தான் நிறுவனத்துக்குத் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, உங்களுக்காக விதியைக் கொஞ்சம் வளைத்து யாராவது உதவியிருந்தால் அதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். கூடுதல் பையைக் கண்டும் காணாமல் விட்டது, காசு வாங்காமல் சாப்பாடு கொடுத்தது, முன்வரிசைக்கு மாற்றி உட்கார வைத்தது, இவற்றை நீங்கள் பாராட்டாக எழுத, அவரிடம் விளக்கம் கேட்பார்கள். “கனிவோடு நடந்துகொண்டார்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, பாராட்டையும் புகாரையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். பெட்டி தாமதமாக வந்தது என்று ஒரு வரி சேர்த்தாலும் மொத்தமும் புகார்ப் பிரிவுக்குப் போய்விடும், பாராட்டு அங்கேயே தங்கிவிடும். தனித்தனியாக அனுப்புங்கள்.

சமூக ஊடகத்தில் எழுதுவதும் நல்லதுதான், நிறுவனங்கள் அங்கே வேகமாகப் பதில் சொல்கின்றன. ஆனால் பொதுவெளியில் பணியாளரின் முழுப்பெயரையும் படத்தையும் போடாமல், விமான எண்ணையும் தேதியையும் மட்டும் போடுங்கள். பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பிக்கொள்ளலாம்.

ஓரிரு நாளில் அச்சடித்தது போல ஒரு பதில் வரும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள், கடிதம் உள்ளே போய்விட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதில் குறிப்பு எண் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வரை வேறு பதில் வராவிட்டால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, பாராட்டு சம்பந்தப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வரி கேட்டு மறுபடி அனுப்புங்கள்.